ஜெர்சிக்குக் கை பொருத்துவது: எந்த முனை பிரியும்?

போன ஜூலையில் என் கணவருக்கு ஒரு ஜெர்சி பின்னி முடித்தேன். நான் இருக்கும் தென்னாப்பிரிக்காவில் ஸ்வெட்டர் என்றாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் எல்லோர் வாயிலும் வருவது ஜெர்சிதான். உடம்பு கச்சிதம், கழுத்தும் கச்சிதம். கைகளைத் தைத்து மாட்டிப் பார்த்தால் இரண்டு தோளிலும் சின்னதாக ஒரு கொண்டை நிற்கிறது! பஃப் கை வைத்த ஜாக்கெட் மாதிரி. மேல் அலமாரியில் இருந்த டீத்தூள் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினார், ஜெர்சி மொத்தமும் கூடவே ஏறி வயிறு தெரிந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் அதை அவர் போட்டு நான் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் எங்கள் தெருவில் அவர் எல்லோருக்குமே ஆயா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இப்போது தமிழை விட ஆங்கிலம்தான் அவருக்குச் சுலபம், ஆனாலும் என்னிடம் விடாமல் தமிழில் பேசுவார். ஜெர்சியை மடியில் விரித்து, தோள் தையலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை பெருசு இல்லம்மா. குழிக்கும் கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை."

அவர் சொன்னது முழுக்கச் சரி. வடிவக் குறிப்பில் உடம்புக்கு "ஆம்ஹோல் 22 சென்டிமீட்டர் வரும் வரை பின்னவும்" என்று இருந்தது. ஆம்ஹோல் என்றால் ஆயா சொன்ன அந்தக் குழி, கை வந்து சேரும் இடம். கையின் மேல்வளைவுக்கு "44 வரிசை" என்று இருந்தது. ஒன்று அளவில், மற்றொன்று எண்ணிக்கையில். குறிப்பு எழுதியவருக்கு 10 சென்டிமீட்டரில் 28 வரிசை வந்திருக்கிறது, எனக்கு வந்தது 26. அதனால் உடம்பு சரியாக 22ல் நின்றது, கையின் வளைவு மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. அகலத்தில் கண்ணி (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையம்) எண்ணிக்கை பொருந்தியதால், முதலில் பின்னிப் பார்த்த மாதிரித் துண்டோடு திருப்தியாகிவிட்டேன். வரிசையை யார் எண்ணுகிறார்கள்? கை வைக்கும்போதுதான் வரிசை தன் வேலையைக் காட்டும்.

இந்தக் குளிர்காலத்துக்கு மூன்று ஜெர்சி போட வேண்டும்: கணவருக்கு ஒன்று, பத்து வயது மகனுக்குப் பள்ளி ஜெர்சி ஒன்று, எனக்கு ஒன்று. ஜோகன்னஸ்பர்க் நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூலை இரவில் வெளியே உறைபனி, வீட்டுக்குள்ளே ஹீட்டர் இருக்கும் ஒரே அறையில் எல்லோரும். ஆகவே எந்த மாதிரி கை என்பதை ஊசியை எடுக்கும் முன்னரே முடிவு செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அழகை வைத்து ஒப்பிட்டால் முடிவே வராது. நான் வைத்துக்கொண்ட கேள்வி வேறு: தப்பு நடந்தால் எந்த முனையிலிருந்து பிரிக்க முடியும்?

பின்னலில் கடைசியாக அடைத்த பக்கத்திலிருந்துதான் நூல் சரசரவென்று வரும். முதலில் கண்ணி ஏற்றிய பக்கத்தை இழுத்தால் முடிச்சுதான் விழும். மணிக்கட்டில் தொடங்கி மேலே போன கையில் தோள் வளைவைப் பிரிப்பது சுலபம், மணிக்கட்டைத் திருத்துவது கஷ்டம். தோளில் தொடங்கிக் கீழே வந்த கையில் இது அப்படியே தலைகீழ். எங்கே தப்பு வரும் என்று பயமோ அந்த இடம் பிரியும் முனையில் இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ளதெல்லாம்.

எல்லாவற்றையும் விடச் சுலபமானது இறங்கு தோள். முன், பின் இரண்டும் நீள்சதுரம், கை மேலே நேராக முடியும். ஆம்ஹோல் வெட்டே கிடையாது, தோள் தையல் புஜத்தில் இறங்கி நிற்கும். இதில் கை பொருந்தாமல் போவதற்கு ஒரே காரணம் நீளம். என் கணவருக்குத் தோள் எலும்பிலிருந்து மணிக்கட்டு வரை 61 சென்டிமீட்டர் சொச்சம். அதையே கை நீளமாக எடுத்தால் பாதி உள்ளங்கை மூடிவிடும். அளக்க வேண்டியது பிடரி நடுவிலிருந்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, மணிக்கட்டு வரை. அவருக்கு 82. ஜெர்சியின் சுற்று 110 என்றால் முன்பக்க அகலம் 55, அதில் பாதி 27.5. 82லிருந்து அதைக் கழித்தால் 54.5, அதுதான் கை. ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம். இறங்கு தோள் ஜெர்சி போட்டவர்கள் பாதிப் பேர் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிவது இதனால்தான்.

தைக்கும்போது உடம்பின் 4 வரிசைக்குக் கையின் 3 கண்ணி என்று சேர்த்தால் சுருங்காது. குறை ஒன்று உண்டு: அக்குளில் துணி குவியும். மேலே கோட்டு போடுகிறவருக்கு அது தொல்லை. கம்பளி தடித்ததானால் கையை இறக்கி நிற்கும்போது கக்கத்தில் தலையணை வைத்த மாதிரி இருக்கும். வீட்டில் போடும் தொளதொள ஜெர்சிக்கு, கை பழகாதவருக்கு, இதை விட்டால் வேறு வேண்டாம்.

அடுத்தது ராக்லன். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஒரு கோடு ஓடுமே, அது. ராக்லன் என்பது ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் பெயர். 1815ல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்தவர். கையில்லாதவர் பெயரில் ஒரு கை. (கார்டிகன் என்ற பெயரும் இன்னொரு பிரபுவுடையது. கிரிமியப் போரில் இரண்டு பேரும் இருந்தார்கள்.)

இதில் உடம்பும் இரு கைகளும் ஒரே ஊசியில் சேர்ந்துவிடும், நாலு கோட்டிலும் இரண்டிரண்டாக, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எட்டுக் கண்ணி குறைப்போம். கையையும் குழியையும் பொருத்தும் தலைவலியே இல்லை. ஆயா ஆயுசு முழுக்கப் போட்டது இதைத்தான். பிள்ளைகளுக்கும் ஒல்லியானவர்களுக்கும் இந்த எட்டுக் கணக்கு பழுதில்லாமல் வரும். மார்பு அகலமானவருக்குத்தான் உதைக்கும். என் கணவர் அளவுக்குப் போட்டுப் பார்த்தேன். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. முன்பக்கம் 121 கண்ணி, அக்குளில் 10 போனால் 111, கழுத்துக்கு 41 நிற்க வேண்டும். ஆக 35 தடவை குறைக்க வேண்டும். கையிலோ 68ல் 8 நிற்க வேண்டும், 30 தடவை போதும். ராக்லன் உயரம் 25 சென்டிமீட்டர், அதாவது 65 வரிசை. ஒன்றுவிட்டு ஒன்று என்றால் 32 தடவைதான் கிடைக்கும். உடம்புக்குப் பற்றாது, கைக்கு மிச்சம். குறிப்பில் உள்ளபடி எட்டெட்டாகவே போனால் கழுத்து அகன்றுவிடும், இல்லையென்றால் அக்குள் தொடை வரை தொங்காத குறைதான். சில வரிசைகளில் உடம்பை மட்டும் குறைத்து, கையை விட்டுவிட வேண்டும். செய்யலாம், ஆனால் "கணக்கே வேண்டாம், ராக்லன் போடு" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இன்னொன்று, அகலத் தோள்காரருக்கு ராக்லன் தோளைச் சரித்துக் காட்டும். என் கணவருக்கு இருக்கிற ஒரே கம்பீரம் தோள்தான், அதையும் சரிக்க மனமில்லை.

கழுத்தைச் சுற்றிப் பூ வேலை வரும் வட்ட யோக் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதில் கை பொருந்துவதை விடப் பூ பொருந்துவதுதான் பிரச்சினை. பின்கழுத்தைச் சில பாதி வரிசைகளால் உயர்த்தாவிட்டால் முன்னால் தொண்டையை நெரிக்கும், அவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி அசல் விஷயம்: சட்டை மாதிரி தோளில் சரியாக உட்காரும் கை. உடம்பில் ஆம்ஹோலை வளைவாகக் குறைத்து, கையின் தலையைத் தனியாக மேடு மாதிரி பின்னி, இரண்டையும் தைப்பது. போட்டால் இதற்கு நிகர் இல்லை. நான் சறுக்கியதும் இதில்தான். ஊரில் ஜாக்கெட் தைத்த அனுபவம் இங்கே கொஞ்சம் கெடுத்தும்விட்டது. துணியில் கைத்தலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடினால் நூலோட்டிச் சுருக்கி உள்ளே தள்ளிவிடலாம், அயர்ன் பெட்டி மீதியைப் பார்த்துக்கொள்ளும். தடித்த பின்னலில் அந்த மிச்சம் போக இடமில்லாமல் கொண்டையாக நிற்கும். குறைந்தாலோ தோளில் இழுத்து, புஜத்தில் குறுக்காகக் கோடு விழும்.

சரி, தலையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஆம்ஹோல் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலே என்று கைக்கணக்கு ஒன்று உண்டு. பரவாயில்லை, ஆனால் கணக்கு போட்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகத் தெரிந்துவிடும். உடம்பை முடித்து, நனைத்து விரித்துக் காயவைத்தபின், அக்குளில் அடைத்த கண்ணிகளை விட்டுவிட்டு, ஆம்ஹோல் ஓரத்தோடு நாடாவை நிமிர்த்திப் பிடித்துத் தோள் வரை அளக்க வேண்டும். எனக்கு முன்னும் பின்னும் தலா 23.5 சென்டிமீட்டர். கைக்குப் புஜச் சுற்று 30.5, லூஸ் 5, ஆக 35.5. அதாவது 78 கண்ணி. உடம்பில் அக்குளில் இரு பக்கமும் 5 அடைத்திருந்தால் கையிலும் அதே 5. இது மாறக் கூடாது. மிச்சம் 68. உச்சியில் தட்டையாக 20 கண்ணி, 9 சென்டிமீட்டர், விட்டுவிடுவோம். பக்கத்துக்கு 24 கண்ணி, கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர், சாய்வாகக் குறைய வேண்டும். உச்சியில் பாதி 4.5, அதை 23.5லிருந்து கழித்தால் சாய்வின் நீளம் 19.

இப்போது நமக்கு ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது: கர்ணம் 19, ஒரு பக்கம் 11. வர்க்கமூலம் போடக் கால்குலேட்டர் தேட வேண்டாம். நீண்ட பக்கத்தை எட்டாக்கி ஒன்றைத் தள்ளி, குறுகிய பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்று தமிழில் ஒரு செய்யுள் கணக்கு சுற்றிவருமே, அதைத் திருப்பிப் போட்டேன். 19ல் 5.5 போனால் 13.5, அதை ஏழால் வகுத்து எட்டால் பெருக்கினால் 15.4. கால்குலேட்டரிலும் போட்டுப் பார்த்தேன், அரை சென்டிமீட்டர்கூட விலகவில்லை. 15.4 சென்டிமீட்டர் என் பின்னலில் 40 வரிசை. குறிப்பில் இருந்தது 44. அந்த நாலு வரிசைதான் கொண்டை! இந்த 40ல், ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக 16 தடவை, பிறகு உச்சியை நெருங்கும்போது வரிசைதோறும் 8 தடவை குறைத்தால் 24ம் முடிந்துவிடும், தலையும் உருண்டு வரும்.

தனியாகப் பின்னுவதில் வசதி, கை மட்டும் பையில் இருக்கும், எங்கேயும் எடுத்துப்போகலாம். மகனின் கிரிக்கெட் பயிற்சிக்குக் காத்திருக்கும் நேரத்தில் முக்கால் கை முடிந்துவிடுகிறது. ஆயா சொல்லிக்கொடுத்த தந்திரம் இன்னும் நல்லது: இரண்டு நூலுருண்டை வைத்துக்கொண்டு இரண்டு கையையும் ஒரே நீள ஊசியில் சேர்த்துப் பின்னுவது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்ற பேச்சே வராது. பிரியும் முனையும் தோள் பக்கம், தலையைத் திருத்தத் தையலைப் பிரித்து உச்சியிலிருந்து வேண்டிய வரிசைகளை இழுத்தால் போதும். போன வருட ஜெர்சியைக் கடைசியில் அப்படித்தான் காப்பாற்றினேன். 40 வரிசைக் கணக்கில் உச்சியை மறுபடி போட ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

கடைசி வழி, இதே சட்டைத் தோளைத் தைக்காமலே கொண்டுவருவது. உடம்பைத் தைத்து முடித்து, ஆம்ஹோல் ஓரத்தில் கண்ணி எடுத்து, தோள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவது. இதில் முதல் முறை நான் தப்பு செய்த இடம் கண்ணி எண்ணிக்கை. ஓரத்தில் கண்ணி எடுக்க நாலு வரிசைக்கு மூன்று என்பது பழக்கம். முன்னும் பின்னும் 114 வரிசைக்கு 85, அக்குளில் 10, மொத்தம் 95. அப்படியே பின்னினால் 43 சென்டிமீட்டர் சுற்றுள்ள கை வரும். எனக்கு வேண்டியது 35.5, அதாவது 78 கண்ணி. எத்தனை கண்ணி என்பதை முடிவு செய்வது புஜம், ஓரத்தின் நீளம் அல்ல. ஆனால் குறைவாக எடுத்தால் ஓரத்தில் ஓட்டை தெரியும். அதனால் பழக்கப்படி நிறைய எடுத்துவிட்டு, அடுத்த வரிசையிலேயே அங்கங்கே இரண்டை ஒன்றாக்கி, அக்குள் பத்தை விட்டு மிச்சத்தை 68 ஆக்கிவிடுவேன்.

பிறகு உச்சியில் 20 கண்ணி மட்டும் பின்னித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் நாலு திருப்பம் பக்கத்துக்கு இரண்டிரண்டு, பிறகு பதினாறு திருப்பம் ஒவ்வொன்று. எண்ணிப் பார்த்தால் அதே 24, அதே 40 வரிசை. முன்பு சொன்ன தலையைக் கவிழ்த்துப் பின்னுகிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் விழும் சின்ன ஓட்டையை, அடுத்த முறை அங்கே வரும்போது ஓரத்து நூலையும் சேர்த்துப் பின்னினால் மூடிவிடலாம். இதன் பெருமை என்னவென்றால் பாதியிலேயே போட்டுப் பார்க்கலாம். இருபதாவது வரிசையில் ஆளைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னால் தோளில் உப்பலா இழுப்பா என்று தெரிந்துவிடும். தப்பென்றால் இருபது வரிசைதான் போகும்.

குறை, கை பின்னும்போது மொத்த ஜெர்சியும் மடியில் கிடந்து சுழலும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நூல் முறுக்கிக்கொள்ளும். வெயில் காலத்தில் இதைச் செய்யவே முடியாது. ஜூலையில் மின்வெட்டு வந்த ராத்திரியில் மடியில் ஒரு கம்பளி இருப்பது குறையா என்று கேட்டால், நான் பதில் சொல்ல மாட்டேன்.

முறையைத் தேர்ந்தெடுக்கும்போது நூலையும் பார்க்க வேண்டும். உலகத்து மொஹேரில் (அங்கோரா ஆட்டின் ரோமத்தில் வரும் நூல்) பாதியளவு இந்த நாட்டிலிருந்துதான் போகிறது, பெரும்பகுதி கிழக்கு கேப் மாகாணத்திலிருந்து. அந்த அங்கோரா ஆடுகள் 1838ல் துருக்கியிலிருந்து வந்தவை. கடையில் தொட்டால் விடவே மனம் வராது. ஆனால் மொஹேரைப் பிரிப்பது நரகம். ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இழுத்தால் அறுந்துவிடும். மீள்தன்மையும் குறைவு, தொங்கித் தொங்கிக் கை நீளும். பிரிக்க முடியாத நூலில் பிரித்துத் திருத்தும் முறையைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இல்லை. அதற்கு இறங்கு தோள்தான், கையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையாகவே வைத்து. வறண்ட கரூ நிலப்பகுதியிலிருந்து வரும் மெரினோ செம்மறிக் கம்பளியானால் எத்தனை தடவை பிரித்தாலும் பொறுத்துக்கொள்ளும். பிரித்த நூலைச் சுற்றி நனைத்துக் காயவைத்தால் சுருட்டை போய்விடும்.

புஜத்திலிருந்து மணிக்கட்டு வரை எல்லா முறைக்கும் ஒரே கணக்கு, ஆகவே சுருக்கமாக. 78 கண்ணி மணிக்கட்டில் 44 ஆக வேண்டும், இரண்டிரண்டாக 17 தடவை குறைப்பு. அக்குளிலிருந்து 46 சென்டிமீட்டர், ரிப்புக்கு (மணிக்கட்டில் இழுபடும் வரிப் பின்னல்) 6 போனால் 40, அதாவது 104 வரிசை. 6 வரிசைக்கு ஒரு தடவை என்றால் 102ல் முடியும். கீழிருந்து மேலே போகிறவர்கள் இதையே கூட்டலாக்கிக்கொள்ளலாம்.

முடிவுக்கு வருகிறேன். கணவருக்கு மெரினோவில் அந்தக் கடைசி வழி, தோளிலிருந்து கீழே எடுத்துப் பின்னுவது. அவர் தோள் எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்த தோளிலேயே ஒரு தடவை ஏமாந்தவள் நான். பாதியில் போட்டுப் பார்க்க வேண்டும். ஆயாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. தைத்த தோள் பாரம் தாங்கும், எடுத்துப் பின்னிய தோள் துவைக்கத் துவைக்க இறங்கும் என்கிறார். தடித்த நூலில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், தோள் தையலுக்கு உள்ளே ஒரு நாடா வைத்துத் தைக்கப்போகிறேன்.

எனக்கு மொஹேரில் இறங்கு தோள், வீட்டோடு போட்டுக்கொள்ள.

மகனுக்கு ராக்லன், கழுத்திலிருந்து கீழே. பத்து வயதில் மார்பு அதிகம் மாறாது, கைதான் மாதத்துக்கு மாதம் நீளும். எட்டுக் கணக்கு அவன் அளவுக்கு உதைக்காது, பிரியும் முனையும் மணிக்கட்டில். அடுத்த வருடம் ரிப்பைப் பிரித்து நாலு சென்டிமீட்டர் கூட்டி மறுபடி அடைத்தால் இன்னொரு குளிர்காலம் ஓடும். அதற்கென்று அதே சாயத்தொகுதி நூலில் ஓர் உருண்டை கூடுதலாக வாங்கி, டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பழைய நூல் துவைத்து வெளுத்திருக்கும், புது நூல் நான்கு விரல் அகலத்துக்குக் கருநீலமாகத் தெரியும் என்று ஆயா எச்சரித்தார். மகனிடம் சொன்னேன். அந்த இடத்தில் மஞ்சள் பட்டை வைத்துவிடேன் என்கிறான், பள்ளியில் விட மாட்டார்கள் என்று தெரிந்தே.